நீரிழிவுக்குக் குருத்தணுச் சிகிச்சை: எது ஆய்வு, எது விற்பனை?

நீரிழிவுப் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் அண்மைக் காலமாக அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?" என்பதே அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து வருவோரும் கேட்கின்றனர். ஆவடியிலிருந்து முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரும் கேட்கின்றனர். பூந்தமல்லியில் இருபது ஆண்டுகளாக மாத்திரை உண்டு சலித்த முதியோரும் கேட்கின்றனர். கைப்பேசியில் வந்த ஒரு காணொளியோ, உறவினர் சொன்ன ஒரு செய்தியோ இக்கேள்விக்குத் தொடக்கமாக இருக்கிறது. கேள்வியைத் தொடர்ந்து வருவது கவலை. கட்டணம் சில லட்சம் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா, சேமிப்பை எடுக்கலாமா என்று குடும்பங்கள் தடுமாறுகின்றன.

இதற்கான விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. குருத்தணுக்களைக் கொண்டு நீரிழிவைக் குணப்படுத்தும் முயற்சியில் உண்மையான முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. இன்சுலின் ஊசியை நிறுத்தும் நிலையை எட்டியோர் சிலர் உலகில் உள்ளனர். இது விடையின் முதற்பகுதி. ஆனால் அந்த ஆய்வுகளில் செலுத்தப்பட்ட செல்லும், இங்கு விளம்பரம் செய்து கட்டணம் பெற்றுச் செலுத்தப்படும் செல்லும் ஒன்றல்ல. இந்தியாவில் நீரிழிவைக் குணப்படுத்தும் குருத்தணுச் சிகிச்சை எதற்கும் இதுவரை ஒப்புதல் வழங்கப்படவில்லை. இது இரண்டாம் பகுதி. இவ்விரண்டையும் பிரித்து அறிந்துகொண்டால் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். நம்பிக்கையையும் இழக்க வேண்டியதில்லை.

குருத்தணு என்பது யாது?

நம் உடலின் பெரும்பாலான செல்கள் தமக்கென ஒரு பணியை ஏற்றுக்கொண்டவை. தோல் செல் தோலாகவே இருக்கும். நரம்புச் செல் நரம்பாகவே இருக்கும். இவ்வாறு தனிப்பணி ஏற்காமல், பல்கிப் பெருகவும் வேறு வகைச் செல்லாக மாறவும் வல்ல செல்லே குருத்தணு, அதாவது ஸ்டெம் செல்.

எல்லாக் குருத்தணுவுக்கும் ஒரே ஆற்றல் இல்லை. எலும்பு மஜ்ஜையில் உள்ள இரத்தக் குருத்தணு, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவற்றை உண்டாக்கும். தானாகக் கணையச் செல்லாக மாறிவிடாது. கருவிலிருந்து பெறும் குருத்தணுவோ உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடியது. ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா யாமனாக்கா, முதிர்ந்த செல்லையே மீண்டும் குருத்தணு நிலைக்குத் திருப்ப முடியும் என்பதை 2006ஆம் ஆண்டு எலியின் செல்லிலும், 2007ஆம் ஆண்டு மனிதச் செல்லிலும் நிறுவினார். அதற்காக 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். எனவே "குருத்தணு செலுத்துகிறோம்" என்று ஒருவர் கூறினால், "எந்தக் குருத்தணு?" என்று கேட்பது மிகப் பொருத்தமான முதற்கேள்வியாகும்.

குருத்தணுச் சிகிச்சை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பூந்தமல்லியைக் கடந்து செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலை வழியே சென்றடையும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டு முதலே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடைபெற்று வருகிறது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்கு அது நிறுவப்பட்ட சிகிச்சை. பலருக்கு வாழ்வளித்த சிகிச்சையும்கூட. குருத்தணு என்ற பெயருக்குள்ள மதிப்பு இத்தகைய பணிகளால் வந்தது. அந்த மதிப்பையே வேறு சிலர் விளம்பரத்துக்குக் கடன் வாங்கிக்கொள்கின்றனர்.

கணையத்தில் நிகழும் இழப்பு

வயிற்றின் பின்புறத்தில் உள்ள கணையத்தில் சிறு சிறு திட்டுகளாகச் செல் கூட்டங்கள் உள்ளன. 1869இல் அவற்றை முதன்முதலில் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பவரின் பெயரால் அவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படுகின்றன. அத்திட்டுகளில் உள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரக்கின்றன.

முதல் வகை நீரிழிவில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் மண்டலமே பீட்டா செல்களைப் பகையெனக் கருதி அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறு வயதிலும் இளமையிலும் தொடங்கும் இந்நோய்க்கு இன்சுலின் இன்றியமையாதது. இரண்டாம் வகையில் நிலைமை வேறு. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பீட்டா செல்களும் களைப்படைகின்றன. நம் பகுதியில் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினரே.

இந்த வேறுபாடு முக்கியமானது. முதல் வகையினருக்குப் புதிய பீட்டா செல்களை அளித்தாலும், பழையவற்றை அழித்த அதே எதிர்ப்பாற்றல் புதியவற்றையும் தாக்கக்கூடும். இரண்டாம் வகையினருக்குப் புதிய செல்களை அளித்தாலும், இன்சுலினுக்கு இணங்காத உடல் அப்படியே இருக்கும். "எந்த வகைச் சர்க்கரையானாலும் ஒரே ஊசி" என்னும் வாக்குறுதி இவ்விடத்திலேயே தடுமாறிவிடுகிறது.

உலக ஆய்வுகள் காட்டியவை

கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாப்பிரோ தலைமையிலான குழுவினர், இறந்தோர் கொடையாக அளித்த கணையங்களிலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து, முதல் வகை நீரிழிவுள்ள 7 பேரின் கல்லீரலுக்குள் செலுத்தினர். எழுவரும் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டனர். 2000ஆம் ஆண்டு வெளியான இச்செய்தி உலகெங்கும் நம்பிக்கையை விதைத்தது. பின்னர் பல மையங்களில் 36 பேரிடம் அதே முறையைச் சோதித்தபோது, ஓராண்டு முடிவில் 16 பேர் இன்சுலினின்றி இருந்தனர். ஈராண்டு முடிவில் அந்நிலையில் நீடித்தோர் 5 பேர் மட்டுமே. முதல் வெற்றியை மட்டும் கண்டு முடிவு செய்தலாகாது என்பதற்கு இது நல்ல சான்று. மேலும், ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட கணையங்கள் தேவைப்பட்டன. அத்தனை கொடையாளர்களுக்கு எங்கே செல்வது?

அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்கவே குருத்தணுவை நாடினர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மெல்ட்டன், தம் பிள்ளைகள் இருவருக்கும் முதல் வகை நீரிழிவு வந்ததால் இந்த ஆய்வுக்குத் திரும்பியவர். ஆய்வுக்கூடத்தில் மனிதக் குருத்தணுக்களிலிருந்து, சர்க்கரைக்கேற்ப இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பெருமளவில் உருவாக்கும் முறையை அவரது குழு 2014இல் வெளியிட்டது. அவ்வழியில் உருவானதே சிமிஸ்லெசெல் என்னும் செல் மருந்து. அதன் முடிவுகள் 2025 ஜூன் மாதம் வெளியாயின. தாழ்சர்க்கரையால் அடிக்கடி நினைவிழக்கும் அளவுக்குத் துன்புற்ற முதல் வகை நோயாளிகளே அதில் பங்கேற்றனர். முழு அளவு செலுத்தப்பட்டு ஓராண்டு கண்காணிக்கப்பட்ட 12 பேரில் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை.

இது பெரிய செய்தியே. ஆனால் அதன் விலையையும் அறிய வேண்டும். செலுத்திய செல்களை உடல் நிராகரிக்காதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை அனைவரும் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. ஆய்வில் இருந்தோருள் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் எதிர்ப்பாற்றல் குன்றியோரைத் தாக்கும் பூஞ்சைத் தொற்று மூளையுறையைப் பாதித்ததாலும், மற்றவர் முன்பே இருந்த மறதி நோய் முற்றியதாலும் இறந்தனர். ஆகவேதான் சர்க்கரையை ஓரளவு நன்றாகக் கட்டுப்படுத்தி வாழும் ஒருவருக்கு இச்சிகிச்சையை எளிதில் பரிந்துரைக்க இயலாது.

சீனத்தில் நடந்த இரு நிகழ்வுகளும் காணொளிகளில் பெரிதும் பேசப்படுகின்றன. 25 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவோடு இருந்த 59 வயது ஆடவருக்கு 2021இல் ஷாங்காய் நகரில் குருத்தணுவிலிருந்து உருவாக்கிய திட்டுகள் செலுத்தப்பட்டன. 11 வாரங்களில் இன்சுலின் நின்றது. முதல் வகை நீரிழிவுள்ள 25 வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய செல்களையே குருத்தணுவாக மாற்றி, அதிலிருந்து திட்டுகளை வளர்த்து, 2023இல் வயிற்றுத் தசையுறையின் கீழ் வைத்தனர். 75 நாள்களில் அவர் இன்சுலினிலிருந்து விடுபட்டார். காணொளிகள் பெரும்பாலும் கூறாத ஒன்று உண்டு. அந்த ஆடவர் சிறுநீரக மாற்றும், அந்தப் பெண் கல்லீரல் மாற்றும் முன்பே செய்துகொண்டவர்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை இருவரும் ஏற்கெனவே உட்கொண்டு வந்தனர். எனவே அம்மருந்தின்றிப் புதிய செல்கள் நிலைக்குமா என்பதை அந்நிகழ்வுகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

இந்தத் தடையைக் கடக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாதவாறு மரபணு திருத்தப்பட்ட, கொடையாளரின் திட்டுச் செல்களைச் சுவீடனில் முதல் வகை நோயாளி ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தனர். அடக்கும் மருந்து ஏதுமின்றியே அவை பிழைத்து இன்சுலின் சுரந்ததாக 2025இல் அறிவித்தனர். சுரந்த அளவு மிகக் குறைவு. அவர் ஊசியைத் தொடர வேண்டியிருந்தது. ஆயினும் பாதை எத்திசையில் செல்கிறது என்பதை அது காட்டுகிறது.

நம் நாட்டில் நடந்த ஆய்வு

சண்டிகரில் உள்ள மருத்துவப் பட்டமேற்படிப்பு ஆய்வு நிறுவனத்தில் அனில் பன்சாலி தலைமையிலான குழுவினர், இரண்டாம் வகை நோயாளிகளிடம் அவர்களின் எலும்பு மஜ்ஜைச் செல்களையே எடுத்துச் செலுத்தி ஆராய்ந்தனர். 2017இல் வெளியான ஆய்வில் 30 பேர் பங்கேற்றனர். இரு வகைச் செல்கள் 10 பேர் கொண்ட இரு குழுக்களுக்கு அளிக்கப்பட்டன. மூன்றாவது குழுவுக்குச் செல் அளிக்கப்படவில்லை. செல் பெற்ற ஒவ்வொரு குழுவிலும் 6 பேருக்கு இன்சுலின் தேவை பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது. செல் பெறாத குழுவில் ஒருவருக்கும் அவ்வாறு குறையவில்லை.

இது முறையாக நடத்தப்பட்ட, மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் இன்சுலின் தேவை குறைந்தது என்பதும் நோய் குணமானது என்பதும் வெவ்வேறு. முப்பது பேரிடம் கண்டதை முந்நூறு பேரிடமும், ஓராண்டில் கண்டதை ஐந்தாண்டிலும் காண வேண்டும். அதுவரை அதை விற்பனைக்குரிய சிகிச்சையாகக் கொள்ள முடியாது.

சட்டம் கூறுவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பவியல் துறையும் இணைந்து 2017இல் குருத்தணு ஆய்வுக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. இரத்த நோய்கள் உள்ளிட்ட, ஏற்கப்பட்ட நிலைகளுக்கான இரத்தக் குருத்தணு மாற்று சிகிச்சை தவிர, மற்றவற்றை ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம் என்பது அதன் சாரம். பின்னாளில் ஓரிரு செல் தயாரிப்புகள் வேறு குறிப்பிட்ட நோய்களுக்கு ஒப்புதல் பெற்றுள்ளன. அவை நீரிழிவைக் குணப்படுத்துவதற்காக அல்ல. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், குருத்தணுவிலிருந்து பெறும் தயாரிப்புகளைப் புதிய மருந்துகளாகவே கருதுகின்றன.

இன்னும் பழைய சட்டம் ஒன்றும் நமக்குத் துணை நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் நீரிழிவும் உள்ளது. "சர்க்கரை நோய் முழுக் குணம்" என்னும் சுவரொட்டியைப் பார்க்கும்போது இதை நினைவிற்கொள்க.

சிலருக்குக் குணமானது போலத் தோன்றுவது ஏன்?

"எங்கள் உறவினர் ஒருவருக்கு ஊசி போட்டபின் இன்சுலின் அளவு குறைந்ததே" என்று கேட்போர் உண்டு. முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், எஞ்சியிருக்கும் பீட்டா செல்கள் சற்று ஓய்வு பெற்று மீண்டும் சுரக்கும். அப்போது இன்சுலின் தேவை வெகுவாகக் குறையும்; சிலருக்குச் சில மாதங்கள் மிகச் சிறிய அளவே போதும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பர். அக்காலத்தில் எந்த ஊசி போட்டாலும் அதுவே குணப்படுத்தியது போலத் தோன்றும். இயல்பாக நிகழ்ந்ததற்கு விற்பவர் உரிமை கொண்டாடுவார். இரண்டாம் வகையினருக்கும், ஊசியோடு சேர்த்து விதிக்கப்படும் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்து சர்க்கரை இறங்கலாம்.

தீங்கு நேராது என்றும் கருதிவிடக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பார்வைக் குறைபாட்டுக்காகக் கட்டணம் செலுத்திக் கொழுப்பிலிருந்து எடுத்த குருத்தணுக்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்ததாக 2017இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவை அவர்களின் சொந்தச் செல்களே. "உங்கள் செல்தானே, என்ன ஆகும்?" என்னும் சமாதானம் போதாது என்பதற்கு இது சான்று.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

எவரேனும் உங்களுக்கு நீரிழிவுக்கான குருத்தணுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், கீழ்வரும் கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. இது மருத்துவ ஆய்வா? ஆம் எனில், இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? அந்தப் பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

2. எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது? ஒப்புதல் படிவம் தமிழில் உண்டா? வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அனுமதி உண்டா?

3. கட்டணம் உண்டா? முறையான ஆய்வில் சோதனை மருந்துக்குப் பங்கேற்பாளர் பணம் செலுத்துவதில்லை. லட்சக்கணக்கில் கேட்டால், அது ஆய்வு அன்று, விற்பனை.

4. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவர்? 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அது ஆய்வை நடத்துவோரின் கடமை.

5. செலுத்தப்படும் செல் எது, எங்கிருந்து எடுக்கப்பட்டது, எங்கே வளர்க்கப்பட்டது?

6. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவையா? தேவையெனில் எத்தனை ஆண்டுகளுக்கு?

இவற்றுக்குத் தெளிவான விடை வராவிடில் எழுந்து வந்துவிடுங்கள். தவறான வாக்குறுதி அளிக்கும் மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். மகப்பேற்றின்போது, "தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்தால் பிற்காலத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை நோய் வந்தாலும் குணப்படுத்தலாம்" என்று கூறி ஆண்டுக் கட்டணம் கேட்போரிடமும் இதே எச்சரிக்கை தேவை. பிள்ளையின் பிற்காலப் பயனுக்கென அவ்வாறு தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றே தேசிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

இன்சுலினை நிறுத்தாதீர்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமெனில், அது இதுவாக இருக்கட்டும். முதல் வகை நீரிழிவுள்ளோர் எவர் சொல்லியும் இன்சுலினை நிறுத்தலாகாது. நிறுத்திய ஓரிரு நாள்களிலேயே இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் பெருகி உயிருக்கு ஆபத்து நேரும். அடங்காத தாகம், தொடர்ந்த வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த விரைவு மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தோன்றினால் விடியட்டும் எனக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வர இயலாவிடில் 108ஐ அழையுங்கள்.

இன்று நம் கையில் உள்ளவை

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு அந்நோய் உள்ளது. இத்தனை பேருக்கும் பயன்படக்கூடியவை இன்று எவை?

சென்னையில் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் உடல் உழைப்பையும் சீராக்கிக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டோரில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இரண்டாம் வகை நீரிழிவு வந்தபின்னும் வழி உண்டு. பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்தோரில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலையை எட்டினர். அவர்கள் அனைவரும் நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் தொடங்காதவர்கள். நோய் புதிதாகக் கண்டறியப்பட்டோர் இதைப் பற்றித் தம் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம். தாமாகவே மருந்தை நிறுத்திவிட்டு முயலக் கூடாது.

இவற்றுக்கு லட்சங்கள் தேவையில்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையிலோ உங்கள் தெருவிலோ நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கலாம். அரசு மருத்துவமனைகளில் மாத்திரையும் இன்சுலினும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகள் இல்லம் தேடியே வருகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரிச் சர்க்கரைச் சோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். நாள்தோறும் பல முறை ஊசி குத்தும் கை, அதிலிருந்து விடுதலை தேடுவது இயல்பு. ஊசியற்ற வாழ்வு உங்கள் பிள்ளையின் காலத்தில் வரக்கூடும் என்று எண்ணுவதற்கு இன்று உண்மையான காரணங்கள் உள்ளன. அத்தகைய ஆய்வுகளில் ஒருவரைச் சேர்க்குமுன் அவருடைய சிறுநீரகம், இதயம் போன்ற உறுப்புகளின் நிலையை ஆராய்ந்தே முடிவு செய்கின்றனர். இன்று நீங்கள் குறித்து வைக்கும் ஒவ்வொரு சர்க்கரை அளவும், தவறாமல் போடும் ஒவ்வொரு ஊசியும் அந்த உறுப்புகளைக் காக்கின்றன. நகையை அடகு வைக்க எண்ணிய பணத்தில் சோதனைப் பட்டைகளை வாங்குங்கள். பிள்ளையின் படிப்புக்குச் செலவிடுங்கள். குருத்தணுச் சிகிச்சை பற்றி எந்தச் செய்தி கேட்டாலும், முடிவெடுக்குமுன் அதை எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.